வாடகை முகவரிகள்
எல்லைக்கல் ஊர்: ஓசூர், கிருஷ்ணகிரி தொழில் வரலாறு – 19

இந்தத் தொடருக்காக அலைந்த நாட்களில் கல்வெட்டுகளைவிட லெட்டர்பேடுகள்தான் எனக்கு அதிகம் பேசின. ஓசூர் சிப்காட்டில் மூடிப்போன ஒரு பட்டறையின் கோப்புகள், எடைக்குப் போகும் முன் என் கைக்கு வந்தன. எண்பதுகளின் கொட்டேஷன்களில் பட்டறையின் பெயருக்குக் கீழே ஒரு வரி: ‘கிராம்ஸ்’. அதற்கு நேரே ஒற்றைச் சொல். இன்றைய பிள்ளைகளுக்கு அது எடைக்கணக்கு போலத் தெரியும்.

அது தந்தி முகவரி. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. முகவரிக்கே எட்டுச் சொல் போய்விட்டால் விஷயத்துக்கு என்ன மிஞ்சும்? அதனால் வியாபாரிகள் தந்தி அலுவலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி ஒரு சுருக்கப் பெயரைப் பதிந்துகொண்டார்கள். ஒரு ஊரில் ஒருவருக்குக் கொடுத்த சொல்லை இன்னொருவருக்குத் தரமாட்டார்கள். புதுப்பிக்காவிட்டால் பெயர் போய்விடும். டொமைன் என்று இன்று நாம் சொல்வதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஊர் என்றிருந்த இடத்தில் உலகம் என்று போட்டுக்கொள்ளுங்கள். தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. அதன் பதிவேட்டை யார் எங்கே வைத்திருக்கிறார்களோ!

அதே கோப்பில் தொண்ணூறுகளின் கடைசியில் அடித்த லெட்டர்பேடில் கிராம்ஸ் இல்லை, டெலக்ஸ் இல்லை. 04344 என்று தொடங்கும் ஃபேக்ஸ் எண்ணும், புதிதாக ஒரு இமெயிலும் இருந்தன. இந்த ஊரின் இமெயில்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சில பட்டறைகளின் முகவரி ‘எம்டி’ என்று தொடங்கி விஎஸ்என்எல் டாட் நெட் டாட் இன் என்று முடியும். அது மெட்ராஸ் வழி வந்தது. சிலருடையதில் அதே இடத்தில் ‘பிஎல்ஆர்’ அல்லது ‘பிஜிஎல்’ இருக்கும். அவர்கள் பெங்களூர்க் கணக்கு வைத்திருந்தவர்கள். ஜூஜூவாடி சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கத்து வாசலைத் தட்டினார்கள் என்பதை முகவரியே காட்டிக்கொடுத்துவிடும். சற்றுப் பின்னால் சத்யம் டாட் நெட் டாட் இன் வந்தது, பிறகு யாஹூ, ஹாட்மெயில்.

எல்லாமே வாடகை முகவரிகள். விஎஸ்என்எல் என்ற வீட்டில் ஓர் அறை, சத்யம் வீட்டில் ஒரு மாடிப்போர்ஷன். பட்டறையின் பெயரிலேயே ஒரு முகவரி, அதன் கடைசியில் நாட்டின் குறி என்று ஒன்றுகூட அந்தக் கோப்பில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்த வாரத்துக் கதை. அதற்குக் கொஞ்ச தூரம் போய்வர வேண்டும்.

இணையத்தில் பெயர்களை அடுக்கும் முறையை 1983இல் பால் மோகபெட்ரிஸ் வகுத்தார். நாட்டுக்கு இரண்டெழுத்து என்ற ஏற்பாட்டுக்கு ஜான் போஸ்டல் ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டார். எது நாடு, எது நாடில்லை என்று தீர்ப்புச் சொல்லும் வம்பே வேண்டாம் என்று, ஏற்கெனவே உலகத் தர நிர்ணய அமைப்பு வைத்திருந்த நாட்டுக்குறிப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். அதில் இந்தியாவுக்கு ஐ, என். 1989 மே 8 அன்று டாட் இன் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இலங்கையின் டாட் எல்கே அடுத்த ஆண்டு ஜூனில் வந்தது. அதற்கு வேர் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிஹான் டயஸின் முயற்சி.

டாட் இன்னைக் கையில் வாங்கியது பம்பாய் ஜூஹுவில் இருந்த என்சிஎஸ்டி என்ற தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். அதன் இயக்குநர் சீனிவாசன் ரமணி. 1986இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் பணத்தோடு தொடங்கிய எர்நெட் வலைக்கு அவர்தான் முக்கியக் கரம். ஐந்து ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், என்சிஎஸ்டி, டெல்லியில் மின்னணுத் துறை என எட்டே இடங்கள். சென்னை ஐஐடியும் பெங்களூர் கழகமும் அதில் உண்டு. நடுவில் இருந்த ஓசூரில் அப்போது அசோக் லேலண்டின் லாரிகளும் டிவிஎஸ் ஐம்பதும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. டைட்டன் கடிகாரம் வெளிவரத் தொடங்கி இரண்டு மூன்று வருஷம். இணையப் பெயர் வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. அது படிப்பாளிகளின் வலை.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. காசு கொடுத்தால் இணைப்பு. ஆனால் பெயர்? டாட் இன் என்று நேரடியாக ஒரு பெயர் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். கம்பெனிக்கு டாட் கோ டாட் இன், அமைப்புக்கு டாட் ஆர்க் டாட் இன் என்று மூன்றாம் படியில்தான் இடம். இந்தியாவில் பதிவான நிறுவனம் என்பதற்கும் அந்தப் பெயர் உன்னுடையதுதான் என்பதற்கும் காகிதம் காட்ட வேண்டும். டாட் காம் வாங்க இவை எதுவும் வேண்டாம். அந்த வருஷத்திலிருந்து இரண்டாண்டுக்கு நூறு டாலர், அவ்வளவுதான். எவன் காகிதம் தேடிக்கொண்டு அலைவான்?

1992 முதல் 2004 வரை பன்னிரண்டு ஆண்டுகளில் டாட் இன்னில் பதிவான பெயர்கள் சுமார் 7,000. நூறு கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு ஏழாயிரம் பெயர்.

என்சிஎஸ்டிக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி செய்யப் போனவர்கள் தலையில் சார்பதிவாளர் வேலையையும் ஏற்றிவைத்தது யார்? பெயர் திருட்டு நடந்துவிடக்கூடாது என்ற கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கவலையின் விலையைக் கட்டியது நம்மூர்க் கம்பெனிகள். ஓசூரின் பெரிய ஆலைகள் இணையத்துக்குப் போன நேரத்தில் டாட் இன் வாசல் ஒருக்களித்துத்தான் இருந்தது. லேலண்ட் டாட் காம் ஆனது. டிவிஎஸ் மோட்டார் டாட் காம் ஆனது. ஒரு தடவை போர்டிலும் விளம்பரத்திலும் டீலர் ரசீதிலும் அச்சான முகவரியை எவரும் மாற்றமாட்டார்கள். பின்னால் வந்த ஏத்தரும் ஓலா எலெக்ட்ரிக்கும்கூட டாட் காம்தான். பெரிய விதிவிலக்கு டைட்டன். டைட்டன் கம்பெனி டாட் இன் என்றே வைத்திருக்கிறார்கள்; கடைக்கு டைட்டன் டாட் கோ டாட் இன். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டாவும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனிக்கு அது பொருத்தம்தான்.

இனி 2004. இந்தப் பகுதியின் வரலாற்றில் அந்த வருஷத்துக்குத் தனிப் பக்கம் உண்டு. பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது. தமிழ்நாட்டின் 30ஆவது மாவட்டம். புது மாவட்டத்துக்குப் புது இணையதளமும் வந்தது. அதன் முகவரியும் தேசியத் தகவல் மையத்தின் என்ஐசி டாட் இன் என்ற வீட்டுக்குள்தான். மாவட்ட ஆட்சியர் அலுவலகமே குடித்தனம் என்றால் லேத் பட்டறையை என்ன சொல்ல!

அதே ஆண்டு மே 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சென்னைக் கம்பெனி ஒன்றும் பெங்களூரில் வழக்காடிய இன்னொரு கம்பெனியும் ஒரே பெயருக்காகக் கட்டிப்புரண்ட வழக்கு அது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே 1999இலேயே ‘சிஃபி’ என்று தொடங்கும் பல பெயர்களைப் பதிந்துவைத்திருந்தது. 2001இலும் 2002இலுமாக எதிர்க்கட்சி கிட்டத்தட்ட அதே பெயரில் இரண்டு டொமைன் பதிந்தது. வித்தியாசம், ஆங்கிலத்தில் நடுவே ஓர் எழுத்து கூடுதல். தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் கிடையாது, இரண்டும் சிஃபிநெட்தான். எங்கள் ஐந்து பங்குதாரர்களின் பெயர்களிலிருந்து முதலெழுத்துகளை எடுத்துக் கோத்தோம் என்று எதிர்க்கட்சி விளக்கம் சொன்னது. பெங்களூர் சிவில் நீதிமன்றம் சென்னைக்காரர்களுக்குச் சாதகமாகத் தடை கொடுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரூமா பால் அமர்வு முதல் உத்தரவையே நிலைநிறுத்தியது. டொமைன் என்பது வெறும் முகவரி என்ற காலம் போய்விட்டது, வணிகச் சின்னத்துக்கு உள்ள குணமெல்லாம் அதற்கும் உண்டு, ஒருவர் பெயரை இன்னொருவர் காட்டிச் சரக்கு விற்றால் சட்டம் தடுக்கும் என்பது அதன் சாரம். காவிரி வழக்கைத் தெரிந்துவைத்திருக்கும் அளவுக்கு நம் ஆட்களுக்கு இந்த வழக்கைத் தெரியாது. ஆனால் இந்திய டொமைன் சட்டத்துக்கு அடித்தளம் இதுதான்.

மூன்றாவது விஷயம் அக்டோபரில் நடந்தது. தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சராக தயாநிதி மாறன் பொறுப்பேற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. டாட் இன்னுக்கான புதிய கொள்கையை அரசு வெளியிட்டது. பதிவகப் பொறுப்பு நிக்சி என்ற இலாப நோக்கற்ற கம்பெனிக்குப் போனது.

நிக்சி 2003 ஜூன் 19இல் பிறந்தது வேறு வேலைக்காக. அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியின் இணைப்பில் இருப்பவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் வேறு கம்பெனி இணைப்பில் இருப்பவருக்கு மெயில் போட்டால், அது அமெரிக்கா போய்த் திரும்பி வரக்கூடும். இங்கேயே இரண்டு கம்பெனிகளும் சந்தித்துக்கொள்ள ஒரு ஜங்ஷன் இல்லை. கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் திரும்பவேண்டிய லாரியை சிங்காரப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலைக்கு அனுப்பி, அங்கிருந்து திருப்பிக் கூட்டிவருவது போல. வெளிநாட்டுக் கேபிளுக்கு டாலரில் வாடகை வேறு. அந்த ஜங்ஷனைக் கட்டவே நிக்சி வந்தது. சென்னை அதன் தொடக்க கால நிலையங்களில் ஒன்று. 2005இல் உலகப் பெயர்ப் பட்டியலின் உச்சியில் உள்ள வேர்ச் சேவையகங்களில் ‘எஃப்’ என்பதன் பிரதி ஒன்றும் சென்னைக்கு வந்தது.

2005 ஜனவரி 1 அன்று கதவு திறந்தது. முதல் சில வாரங்கள் வணிகச் சின்னம் பதிந்தவர்களுக்கு மட்டும். பிப்ரவரி 16இலிருந்து யார் வேண்டுமானாலும், எத்தனை வேண்டுமானாலும், நேரடியாக டாட் இன்னிலேயே. காகிதம் வேண்டாம். நிக்சி நேரே விற்பதில்லை. அங்கீகரித்த பதிவு முகவர்கள் வழியாகத்தான் வாங்க வேண்டும். பெயர்த் தகராறு வந்தால் நிக்சி நியமிக்கும் நடுவர் முன் வழக்காட ஒரு முறையும் அப்போதே எழுதப்பட்டது. 2010 மார்ச்சில் பெயர்கள் ஆறு லட்சத்தைத் தாண்டின. 2011 அக்டோபரில் பத்து லட்சம். 2016இல் இருபது லட்சம். இப்போது முப்பது லட்சத்துக்கும் மேல். ஆரம்பத்தில் பத்தில் நான்கு பெயரை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினார்கள். ஆங்கிலத்தில் ‘இன்’ ஒரு சொல்லாகவும் இருப்பதால் அவர்களுக்கு அது வசதி. வேலை தேடுவோர் அன்றாடம் தட்டும் லிங்க்ட்இன்னின் சுருக்க முகவரி டாட் இன்னில்தான் முடிகிறது.

முப்பது லட்சம் என்றால் பெரிதா? நம் ஓசூர் ரோஜாக்காரர்களிடம் கேட்பதுதான் சரி. காதலர் தினத்துக்கு முன்னால் இங்கிருந்து தாஜ்மகால் ரோஜாக்கள் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறும். பூ வியாபாரத்துக்கே தலைநகரம் போன்ற நெதர்லாந்தின் குறி டாட் என்எல். 1986 ஏப்ரலில் பிறந்தது, நம்முடையதைவிட மூன்றே வயது மூத்தது. அந்த நாட்டின் மக்கள் தொகை ஏறக்குறைய 1.8 கோடி. டாட் என்எல் பெயர்கள் 60 லட்சத்துக்கு மேல். அங்கே பூக்கடைக்காரரும் சொந்த முகவரி வைத்திருக்கிறார் என்றுதான் இதற்குப் பொருள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவகம் நிக்சியுடையது. ஆனால் பெயர்களைத் தாங்கும் இயந்திரத்தை ஓட்டுவது வேறு ஆள். முதலில் அயர்லாந்தின் அஃபிலியாஸ். 2019 வாக்கில் அமெரிக்காவின் நியூஸ்டார். 2020இல் அதன் பதிவகத் தொழிலை கோடாடி வாங்கிவிட்டது. 2024இல் கனடாவின் டூகோஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓசூர்க்காரருக்கு இது ஒன்றும் புதிதில்லை. டிராயிங் ஒருத்தருடையது, மெட்டீரியல் ஒருத்தருடையது, லேத் நம்முடையது, பெயர் மட்டும் பெரிய கம்பெனியுடையது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஜாப் ஒர்க். ஒரே வித்தியாசம், இங்கே நாடு பெரிய கம்பெனி, வெளிநாட்டுக்காரர் ஜாப் ஒர்க் எடுத்தவர். அதில் தவறில்லை. ஆனால் இத்தனை மென்பொருள் ஆட்களை அத்திப்பள்ளி தாண்டியதும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வைத்துக்கொண்டு, இருபது வருஷமாக இந்த ஒரு வேலைக்கு வெளியே கொட்டேஷன் கேட்பது எனக்கு ஒட்டவில்லை.

பெயர் விஷயத்தில் காசு மட்டும் போதாது என்பதற்கு ஒரு கிளைக்கதை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் பெரிய ஆலை எழுப்பியிருக்கும் டாட்டா குழுமம், டாட் டாட்டா என்று தனக்கென்றே ஒரு முடிவெழுத்து கேட்டு உலக அமைப்பான ஐகானிடம் விண்ணப்பித்தது. மொராக்கோவில் டாட்டா என்று ஒரு மாகாணம் இருக்கிறதாம்! ஊர்ப்பெயர் என்றால் அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். அது அமையவில்லை, பெயர் கிடைக்கவில்லை. டாட் டாட்டாமோட்டார்ஸ் மட்டும் கிடைத்தது.

சின்ன ஆட்களின் கதை வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை முதலாளி, கியர் பாகங்கள் கடைந்து கொடுப்பவர், 2010 வாக்கில் ஒரு வெப்சைட் பையனிடம் பணம் கொடுத்து டாட் கோ டாட் இன் வாங்கினார். பையன் அதைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்டான். பிறகு வேலை கிடைத்து ஊரை விட்டுப் போனான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவனுக்குப் போயின. கெடு முடிந்தது. சில வாரங்கள் அவகாசம் உண்டு, அதுவும் முடிந்தது. பெயர் திறந்த சந்தைக்கு வந்ததும் யாரோ எடுத்துக்கொண்டார்கள். புது மனிதர் கேட்ட விலையைக் கேட்டுவிட்டு நம் ஆள் ஜிமெயிலுக்குத் திரும்பினார். இன்றும் அதுதான். நிலம் வாங்கினால் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று மூன்று முறை படிப்பவர், இதைப் படிக்கவில்லை. ஜிமெயிலுக்கு வாடகையும் இல்லை என்பார். வாடகையில்லாத திண்ணை, படுத்துக்கொள்ளலாம்; பட்டா கேட்க முடியாது.

இந்த இடைவெளியை மூட நிக்சி தள்ளுபடியை நம்பியது. 2020 நவம்பரில் டாட் இன் வாங்கினால் தாய்மொழிப் பெயர் ஒன்று இலவசம் என்று அறிவித்தது. ஆடித் தள்ளுபடியில் துணி விற்கும்; பெயர் விற்காது. பெயருக்குப் பயன் இருக்க வேண்டும்.

தாய்மொழிப் பெயர் என்றேன். தமிழுக்கு உலகில் மூன்று நாட்டு வாசல்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. 2010இல் டாட் இலங்கை, 2011இல் டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா. நம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் இதில் இன்னொரு ருசி தெரியும். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தாய்மொழி. தெலுங்குக்கும் 2011இலேயே எழுத்து கிடைத்தது. கன்னடத்துக்கு அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. ஆனால் தெலுங்கில் அது டாட் பாரத், கன்னடத்தில் டாட் பாரத. இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது எல்லாமே பாரதம்தான். தமிழ் மட்டும் இந்தியா என்று கேட்டு வாங்கியிருக்கிறது. ஒரே தெருவில் ஒரே நாட்டுக்கு இரண்டு பெயர்.

பயன்பாடு? தமிழில் தட்டிய முகவரி கணினியின் வயிற்றுக்குள் போகும்போது எக்ஸ், என் என்று தொடங்கும் ஆங்கிலக் கிறுக்கலாக மாறுகிறது. உலாவி அதைச் சமாளித்துவிடும். ஆனால் ஆன்லைன் படிவங்கள் பலவும் தமிழ் இமெயிலைத் தவறான முகவரி என்று தள்ளிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சிப்காட்டில் பாதிப் பட்டறைகளின் பெயர் ஸ்ரீ என்று தொடங்கும். அந்த ஸ்ரீயைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஔ என்ற ஓரெழுத்தும் ஒ, ள என்ற ஈரெழுத்தும் அப்படியே. ஒருவர் ஒரு விதத்திலும் ஏமாற்றுக்காரர் மறு விதத்திலும் பதிந்தால் என்ன ஆவது? இதற்கு விதி எழுதவே மொழி தெரிந்தவர்கள் குழுவாக உட்கார வேண்டியிருந்தது. ஓசூர், பாகலூர் சாலை, தளி சாலை என்று ஒரு வாரம் போர்டு பார்த்தபடி நடந்தேன். டாட் இந்தியா என்று முடியும் ஒரு போர்டுகூட என் கண்ணில் படவில்லை.

திறந்த கதவால் திருடனும் வருவான். மின் ஸ்கூட்டர் டீலர்ஷிப் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று பெரிய கம்பெனிப் பெயரை ஒட்டிய போலித் தளங்கள் பற்றி நம்மூரிலும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கென்று டாட் பேங்க் டாட் இன் என்று தனித் தெரு ஒதுக்குவதாக அறிவித்தது. அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் அங்கே குடிபோக வேண்டும் என்றது. அதில் பெயர் பதிந்து தரும் உரிமை ஹைதராபாத்தின் ஐடிஆர்பிடி ஒன்றுக்கு மட்டும். 1992இன் காகிதக் கண்டிப்பு திரும்பி வந்துவிட்டது, இம்முறை சரியான வாசலுக்கு. வங்கிக்குக் கெடுபிடி வேண்டும். லேத் பட்டறைக்கு அதைப் போட்டதுதான் அன்றைய பிழை.

இந்த அத்தியாயத்துக்கு ஒரு பொருள் மட்டும் எனக்கு அகப்படவில்லை: 2005க்கு முன்னால் சொந்தமாக டாட் கோ டாட் இன் பெயர் வாங்கிய ஓசூர், கிருஷ்ணகிரி நிறுவனம் ஒன்றின் லெட்டர்பேடு. ஒரு இன்வாய்ஸ், ஒரு விசிட்டிங் கார்டு இருந்தாலும் போதும். உங்கள் பரணில் இருந்தால் பத்திரிகை முகவரிக்கு அதன் நகலை அனுப்புங்கள். அசலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

(தொடரும்)